கீரை மேல் போட்ட பழி

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவருக்கு எங்கள் ஊர் உவரியில் தனி மரியாதை. கல்யாண வீட்டில் மின்விசிறிக்கு நேராக நாற்காலி விழும். பந்தியில் உப்பு குறைத்த குழம்பு தனிக் கிண்ணத்தில் வரும். "ரெண்டு வச்சிருக்காவ" என்று பக்கத்து இலைக்காரர் குரலைத் தாழ்த்தி எண்ணிக்கை சொல்வார். எனக்கும் ஸ்டென்ட் இருக்கிறது. நெஞ்சில் வைப்பது பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் சொச்சம் விட்டம். என்னுடையது 16. நியாயமாகப் பார்த்தால் நாலைந்து பேருக்குரிய மரியாதை எனக்கு ஒருவனுக்கே சேர வேண்டும். ஆனால் அது இருக்கும் இடம் அடிவயிற்றுக்குள், இடது காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுகிற சிரையில். "காலுக்கா? காலுக்கு எதுக்கு வே ஸ்டென்ட்டு?" என்று கேட்டுவிட்டு நாற்காலியை அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

வைத்த மாதமே அது அடைத்துக்கொண்டது என்று சொன்னால் இருக்கிற மரியாதையும் போய்விடும் என்பதால் ஊருக்குள் மூச்சு விடவில்லை. பத்திரிகையில் எழுதினால் சொந்த ஊரில் எவரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ரத்த ஓட்டப் பாடம் வந்தால் எனக்குக் குஷி வந்துவிடும். சிவப்புச் சாக்பீஸில் தமனி, நீலத்தில் சிரை. கரும்பலகை முழுக்கக் கிளை கிளையாகப் போட்டு, ஒன்றோடு ஒன்று முட்டாமல் அழகாக இறக்கிக் கொண்டுவருவேன். அந்த அழகில்தான் கோளாறு. நிஜ உடம்பில் முட்டும். தொப்புளுக்குச் சற்றுக் கீழே, வலது காலுக்குப் போகிற தமனி, இடது காலிலிருந்து வருகிற சிரையின் மேலேறித் தாண்டுகிறது. சிரைக்குப் பின்னால் முதுகெலும்பு. முன்னால் இடைவிடாமல் துடிக்கும் தமனி, பின்னால் எலும்பு, நடுவில் மெல்லிய சுவர் கொண்ட சிரை நசுங்கிக் கிடக்கிறது. ரத்தக் கட்டி வலது காலைவிட இடது காலில்தான் அதிகம் வருகிறது என்று ஜெர்மனியின் விர்ஹோ 1851-லேயே எழுதி வைத்தார். 1957-ல் ஆஸ்திரியாவில் மே, தர்னர் என்ற இருவர் 430 சடலங்களை அறுத்துப் பார்த்து, 22 சதவீதம் பேருக்கு அந்த இடத்தில் சிரைக்குள் தழும்பு மாதிரி தடிப்பு இருப்பதைக் கண்டார்கள். இவ்வளவு பேருக்கு இருக்கிற சங்கதியை நான் ஒரு வருடமும் பலகையில் போட்டதில்லை. என் இடுப்புக்குள்ளேயே அது இருந்தது.

இடது கால் தொடையிலிருந்து பாதம் வரை வீங்கியபோது, சுளுக்கு என்று நானே தீர்ப்பு எழுதி எண்ணெய் தடவச் சொன்னேன். கட்டி இருக்கிற காலை அழுத்தித் தேய்த்தால் அது பிய்ந்து நுரையீரலுக்கு ஏறிவிடலாம். தடவ வந்த ஆசான் என்னைவிட விவரமானவர். காலைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். "வாத்தியாரே, இது என் கைக்குள்ள வராது, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அவரால் தப்பித்தேன். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, அதற்குப் பிறகு நசுங்கின இடத்தை விரித்து ஸ்டென்ட். ஊர் ஊராக நோயாளிகள் வந்து அந்தோணியார் கோயிலில் ராத்தங்கல் போடுகிற ஊர் எங்களுடையது. காலரா கண்ட கப்பல்காரர்கள் மரத்தில் செதுக்கி வணங்கிப் பிழைத்த சொரூபம்தான் அங்கே இருப்பது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. நோயாளிகள் இங்கே வர, நான் இங்கிருந்து பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்தார். முதல் மாதம்தான் கண்டம் என்று சொல்லித்தான் கொடுத்தார். புதிதாக வைத்த கம்பி வலையின் மேல் உடம்பின் சொந்தத் தோல் இன்னும் படர்ந்திருக்காது. ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். தமனியில் ரத்தம் இருதயத்தின் உதை வாங்கிக்கொண்டு பாயும். சிரையில் அந்த வேகம் கிடையாது, கெண்டைக்கால் தசை பிழிந்து ஏற்றினால்தான் மேலே வரும். எனவே நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், இறுக்கமான காலுறை போட வேண்டும், மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்க வேண்டும். தினமும் சாயங்காலம் தொடையையும் கெண்டைக்காலையும் டேப்பால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். தாளை வாங்கும்போது, "நான் சயன்ஸ் வாத்தியார்ம்மா" என்று ஒரு சிரிப்புச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

காலுறையிலிருந்து ஆரம்பிக்கலாம். விடிவதற்கு முன், கட்டிலைவிட்டு இறங்கும் முன்னே, வீக்கம் இல்லாத காலில் ஏற்ற வேண்டும். அதை மாட்டுவதற்குள் உவரிக் கடல்காற்றிலும் முதுகு நனைந்துவிடும். குதிகால் ஏறாது. ஏறினால் முட்டிக்குக் கீழே சுருண்டுகொண்டு அங்கேயே கயிறு போட்டுக் கட்டினாற்போல இறுக்கும். ஒருநாள் கரண்ட் இல்லாத இருட்டில் மல்லுக்கட்டி ஏற்றி, முகம் கழுவி, கடைத்தெரு வரை நடந்து, டீயும் குடித்து முடித்த பிறகு என் மைத்துனன் கேட்டான்: "அத்தான், ஆபரேசன் இடது காலுக்குத்தானே? வலது கால்ல போட்டிருக்கீய?" அன்றோடு காலுறை கொடியில் தொங்கத் தொடங்கியது. உப்புக்காற்றில் அது நன்றாகவே காய்ந்தது.

நடை இன்னொரு கதை. கப்பல் மாதா கோயில் வரை போய்த் திரும்பச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. போவேன். கரையில் ஏற்றி வைத்த வள்ளம் ஒன்று வழியில் இருக்கும். வலை பொத்துகிறவர்கள் இருப்பார்கள். சீலா விலை, டீசல் விலை, கூடங்குளத்தில் யாருக்கு வேலை கிடைத்தது என்று பேச்சு போகும். வள்ளத்தின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்ததும், "எம்புட்டு நேரம் நடந்தீய?" என்று வீட்டுக்காரி கேட்டால், வெளியே இருந்த மொத்த நேரத்தையும் சொல்வேன். கணக்கு பிசகாது.

மாத்திரைக்கு நல்ல ஏற்பாடுதான் செய்திருந்தேன். சாயங்காலத் திரிகால ஜெப மணி அடிக்கும்போது அசிட்ரோம் விழுங்குவது. அலாரம் எதற்கு, ஆலயமே அடிக்கிறதே என்று பெருமை வேறு. தை மாதத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் மணி எந்த நேரமும் அடித்தது. ஜெபமாலைக்கு அடித்தது, திருப்பலிக்கு அடித்தது, வந்த பக்தர்களின் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாலும் அடித்தது. எந்த மணிக்கு விழுங்கினேன், எதற்கு விழுங்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. சந்தேகம் வந்தால் மறுபடி போடக்கூடாது என்று தாளில் இருந்ததால், அந்த ஒரு விதியை மட்டும் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தேன்.

அப்புறம் முருங்கைக்கீரை. அசிட்ரோம் என்பது வார்ஃபரின் குடும்பத்து மாத்திரை. இந்தக் குடும்பத்தின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1933 குளிர்காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, பனிப்புயலில் வண்டி ஓட்டி, செத்த கிடாரியையும் ஒரு பால்கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் விஞ்ஞானி கார்ல் லிங்க்கின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். கெட்டுப்போன உலர்தீவனம் தின்ற மாடுகளுக்கு ரத்தம் உறையாமல் போவதன் காரணத்தைத் தேடித்தான் இந்த மருந்துகள் வந்தன. வார்ஃபரின் 1948-ல் எலிமருந்தாகக் கடைக்கு வந்தது, 1954-ல் மனிதருக்கு. வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பதுதான் அதன் சூட்சுமம். நம் முருங்கைக்கீரையில் வைட்டமின் கே கொட்டிக் கிடக்கிறது. திசையன்விளைப் பக்கம் முருங்கைக்குப் பஞ்சமா? என் வீட்டு வாசலிலேயே ஒரு மரம். திருவிழாவுக்கு வந்த சொந்தங்கள் கேட்டார்கள் என்று பறித்து வதக்கினதில் எனக்கும் ஒரு கை, மறுநாள் இன்னொரு கை.

திருவிழா நடுவில் இடது செருப்பு வார் கடித்தது. புதுச் செருப்பு என்று நினைத்துக்கொண்டேன். அது போன வருடத்துச் செருப்பு. இரண்டு நாள் கழித்துத் தொடை கனத்தது. நிறைய நின்றதால் இருக்கும். அடுத்த நாள் பாதம் சிவந்த மாதிரி இருந்தது. பந்தல் வெளிச்சம் அப்படிக் காட்டுகிறது. ஒவ்வொரு அறிகுறிக்கும் நான் தயாராக ஒரு பதில் வைத்திருந்தேன். தேர் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மனதுக்குள் தேதியும் குறித்தாயிற்று. சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு வந்த பழைய சிநேகிதர், கடல்மண்ணைப் பெட்டியில் சுமந்து கொட்டுவதாக எனக்காகவும் நேர்ந்துகொண்டார். அவர் மண் சுமந்து முடித்துவிட்டார், நான் திசையன்விளைக்கு ஆட்டோ பிடிக்கவில்லை.

கடைசியில் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று பார்க்கும் பரிசோதனைக்குப் போன இடத்தில், என்னிடம் படித்த பையன்தான் லேப் வைத்திருக்கிறான். "சார், ஐஎன்ஆர் ஒன்னு புள்ளி எட்டு. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இருக்கணும்லா?" என்றான். பிறகு என் காலைப் பார்த்தான். வாத்தியாரிடம் பேசுகிற குரல் மாறிவிட்டது. "சார், நீங்க இப்படியே மதுரைக்குப் போறீய. வீட்டுக்குப் போகப்பிடாது." எட்டாம் வகுப்பில் இவனை எதற்கோ முட்டி போட வைத்த ஞாபகம் எனக்கு வந்தது.

நாங்கள் பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்தவர்கள். எதை எந்த வரிசையில் சொல்ல வேண்டும், எதைச் சொல்லும்போது குரல் இறங்க வேண்டும் என்ற பழக்கம் நாக்கிலேயே இருக்கிறது. டாக்டரம்மாவிடம் முதலில் கீரையைச் சொன்னேன். இரண்டு கை சாப்பிட்டதை மூன்று கை என்று கூட்டியே சொன்னேன்; தாராளம். அடுத்து காலுறை, நடை, மணி, மாத்திரை. அவர் டாப்ளர் கருவியைத் தொடையில் அழுத்தி நகர்த்திக்கொண்டே கேட்டார். சிரை நல்லபடியாக இருந்தால் அழுத்தும்போது படுத்துவிட வேண்டும். திரையில் என்னுடையது அசையாமல் உருண்டையாக நின்றது. "ஸ்டென்ட் முழுக்க அடைச்சிருக்கு" என்றார்.

"கீரையாலதானம்மா?" என்று கேட்டேன். என் குரலில் ஒரு நம்பிக்கை இருந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். கீரை மேல் பழியைப் போட்டுவிட்டால் விவகாரம் மரத்தோடு முடிந்துவிடும்.

"கீரைக்கும் விட்டுப்போன மாத்திரைக்கும் பங்கு இருக்கும் சார். கீரையே ஆகாதுன்னு இல்லை. தினமும் ஒரே அளவா சாப்பிட்டா அதுக்குத் தக்கன மாத்திரையை வச்சுக்கலாம். திடீர்னு கூட்டுறதும் குறைக்கிறதும்தான் தொந்தரவு. ஆனா இவ்வளவு சீக்கிரம் முழுசா அடைக்கணும்னா கீழேயிருந்து வர்ற ரத்தம் போதலைன்னு அர்த்தம். வீக்கம் எப்ப ஆரம்பிச்சது? நோட்டைக் குடுங்க."

நோட்டு. அதைத்தான் நான் சங்கீர்த்தனத்தில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய பாவம் என்றே அதுவரை தோன்றவில்லை. முதல் நாலைந்து நாள் ஒழுங்காக அளந்தேன். கெண்டைக்கால் 37. மறுநாளும் 37. மூன்றாம் நாளும் அதுவே. பிறகு எதற்கு வேட்டியை ஒதுக்கி டேப்பைத் தேடுவது என்று, உட்கார்ந்த இடத்திலேயே 37 போட்டேன். திருவிழா நெருக்கடியில் ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன். செய்முறைத் தேர்வு நோட்டில் வெப்பமானியைத் தொடாமலே அளவு எழுதிக் கொண்டுவந்த பிள்ளைகளை எத்தனை பேரை வெளியே நிறுத்தியிருப்பேன்!

டாக்டரம்மா பக்கங்களைப் புரட்டினார். ஒரே பேனா, ஒரே மை, வரிசை கலையாத 37. நாளைய தேதிக்கும் 37 இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் டேப்பை எடுத்து என் காலைச் சுற்றினார். 41.

"ஊரு உலகத்துல எல்லாருக்கும் சாயங்காலம் கால் கொஞ்சமாவது கூடும். உங்களுக்கு மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரொம்ப நல்ல கால் சார்" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

அந்த நோட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது பிறகுதான் உறைத்தது. புதுக் கட்டி மிருது. ஏறக்குறைய இரண்டு வாரம் வரை மருந்துக்குக் கரையும், குழாய்க்கு உறிஞ்சவும் வரும். நாள் போகப்போக அதில் நார் படிந்து சிரைச் சுவரோடு தழும்பாக ஒட்டிவிடும். அப்புறம் கரைக்கும் மருந்தை ஊற்றி ஒன்றும் ஆகாது. ஸ்டென்ட்டோடு சேர்ந்து வழியும் போய்விடும். வாழ்நாள் முழுக்கக் கனத்த கால், கருத்த கணுக்கால், ஆறாத புண். கட்டிக்கு எத்தனை நாள் வயது என்று என் நோட்டைப் பார்த்தால் தெரிந்திருக்க வேண்டும். நல்லவேளை, செருப்பு வார் கடித்த நாளை வீட்டுக்காரி நினைவில் வைத்திருந்தாள். என் புலம்பலைக் கேட்டவள் அவள்தானே. அந்தக் கணக்கில் கெடு தாண்டவில்லை.

காலில் புதுக் கட்டி வந்த எல்லாருக்கும் கரைக்கும் மருந்தை உள்ளே விடுவதில்லை. அமெரிக்காவில் சுரேஷ் வேதாந்தம் தலைமையில் 692 பேரை வைத்துச் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், கரைத்தவர்களுக்கும் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் பிற்பாடு வந்த கால் தொந்தரவு ஏறக்குறைய ஒரே அளவுதான்: 47-ம் 48-ம் சதவீதம். முதல் பத்து நாளில் பெரிய ரத்தக் கசிவு மட்டும் 0.3-லிருந்து 1.7 சதவீதமாகக் கூடியது. ஆகவே டாக்டர்கள் ஆள் பார்த்துத்தான் இறங்குகிறார்கள். அண்மையில் வைத்த ஸ்டென்ட் அடைத்தால் கணக்கு வேறு. உள்ளே ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது, அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்தால் வழி மீளும் என்பதால் பெரும்பாலும் தாமதிப்பதில்லை.

என்னைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலுக்குப் பின்னால் மரக்கவைத்து, கதீட்டர் ஒன்றைச் சிரைக்குள் ஏற்றிக் கட்டிக்கு உள்ளேயே நிறுத்தினார்கள். அதன் பக்கவாட்டில் நுண்ணிய துளைகள். மருந்து சொட்டுச் சொட்டாகக் கட்டிக்குள்ளேயே இறங்கும். ராத்திரி முழுக்க ஐசியு. காலை மடக்கக் கூடாது. ஊசி கையில் போடக் கூடாது, சவரம் கூடாது. மூளைக்குள் கசிவு வந்தால்தான் பெரிய ஆபத்து என்பதால் அடிக்கடி எழுப்பிப் பெயர் கேட்டார்கள். நான் ஒவ்வொரு தடவையும் பட்டப்படிப்பையும் சேர்த்துச் சொன்னேன். ஈறில் ரத்தம் வருகிறதா, சிறுநீர் நிறம் மாறியதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நடுச்சாமத்தில் பாதம் அரித்தது. மற்றக் காலால் சொறியப் போய்க் கதீட்டர் இருக்கிற காலைச் சுருக்கிவிட்டேன். மானிட்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் நர்ஸ், "ஐயா, அசையாம இருங்கன்னு சொன்னேம்லா" என்று அதட்டிவிட்டு, என் பாதத்தைத் தானே சொறிந்துவிட்டுப் போனான்.

காலையில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்தார்கள். எஃகுத் தட்டில் வைத்துக் காட்டினார்கள்: விரல் நீளத் துண்டுகள், கருஞ்சிவப்பு, ஒரு முனை மட்டும் வெளிறிப்போய். எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டு, "ஃபார்மலின்ல போட்டுத் தருவீங்களா? பள்ளிக்கூட லேபுக்கு ஆகும்" என்று கேட்டுவிட்டார். டாக்டரம்மா முகக்கவசத்துக்கு மேலே என்னைப் பார்த்த பார்வைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அதன் பிறகுதான் உண்மையான குற்றவாளி அகப்பட்டான். சிரைக்குள்ளேயே போய் வட்டமாகச் சுவரைப் படம் பிடிக்கும் அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. அதை இழுத்துக்கொண்டு வரும்போது, ஸ்டென்ட்டின் கீழ்முனைக்கு ஓரங்குலம் தள்ளி, கவட்டை ஓரத்தில், பழைய கட்டி விட்டுப்போன தழும்பு சிரையைப் பாதிக்கு மேல் சுருக்கி வைத்திருந்தது. எங்கள் நம்பியாற்றுப் பொழிமுகத்தை யோசித்தால் போதும். ஆற்றில் வரத்து நின்றால் எவ்வளவு அகலமாக வெட்டிவிட்டாலும் கடல் மண்ணைப் போட்டு மூடிவிடும். மேலே அகலமாக விரித்து வைத்திருந்தார்கள், கீழேயிருந்து வரத்து இல்லை. "முதல் தடவை சாயம் விட்டு எடுத்த படத்துல இது தெரியலை" என்று டாக்டரம்மா தாமாகவே சொன்னார். சாயப் படத்தையும் உள்ளே போய்ப் பார்க்கும் இந்த அல்ட்ராசவுண்டையும் 100 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், உள்ளே பார்த்த பிறகு 57 பேருக்குச் சிகிச்சைத் திட்டத்தையே மாற்றியிருக்கிறார்கள். பலூன் விட்டு விரித்து, கீழ்நோக்கி இன்னொரு ஸ்டென்ட் சேர்த்தார்கள். ஆக எனக்கும் இப்போது ரெண்டு.

வார்டில் படுத்திருந்தபோது ஃபோனில் ஒரு புள்ளிவிவரம் படித்தேன். அமெரிக்காவின் மிசிசிப்பியில் சேஷாத்ரி ராஜு என்று ஒரு சர்ஜன். பெயரைப் பார்த்ததும் சொந்தம் கொண்டாடத் தோன்றும். அவரும் பீட்டர் நெக்லென் முதலானவர்களும் இந்தச் சிரைகளில் ஸ்டென்ட் வைத்த 982 கால்களின் கதையை 2007-ல் வெளியிட்டார்கள். முதல் 30 நாளில் கட்டி வந்தது 1.5 சதவீதத்துக்கு மட்டும். படிப்பிலும் உத்தியோகத்திலும் நான் முதல் பத்து சதவீதத்தில்கூட வந்தவன் இல்லை. இதில் நூற்றுக்கு ஒன்றரையில் இடம்பிடித்திருக்கிறேன். அதே கணக்கில், முன்பே கட்டி வந்த கால்களில் ஆறு வருடம் கழித்து மறுவேலை இல்லாமலே திறந்திருந்தவை 57 சதவீதம், அடைத்த பிறகு திறந்து காப்பாற்றியவற்றையும் சேர்த்தால் 86. அந்த இடைவெளியில் நான் எங்கோ இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் டேப் என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. இப்போது வீட்டுக்காரிதான் அளக்கிறாள். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, குடும்ப வாட்ஸப் குழுவில் படமும் போட்டுவிடுகிறாள். என் கெண்டைக்காலின் சுற்றளவு குவைத்தில் இருக்கும் மகனுக்கும் அவன் அறைவாசிகளுக்கும் தினமும் தெரிகிறது. "இன்னைக்கு அரை சென்டிமீட்டர் கூடியிருக்கு, வள்ளத்துல உக்காந்தீங்களா?" என்று குரல்செய்தி வருகிறது. மாத்திரைக்கு மணியை நம்புவதில்லை. கிழமை எழுதிய டப்பா வாங்கியாயிற்று. கீரை வாரத்துக்கு இத்தனை பிடி என்று கணக்கு.

நானும் சும்மா இருப்பவன் இல்லை. காலையில் எழுந்ததும் வீக்கம் மிகக் குறைவாக இருக்கும் என்பதைக் கண்டுகொண்டேன். நேற்று விடிகாலை, அவள் கண் விழித்த உடனே, "இந்தா, அளந்திரு" என்று பாசமாகக் காலை நீட்டினேன்.

"சாயங்காலம்லா அளக்கச் சொல்லியிருக்காவ. இப்ப எதுக்கு நீட்டுதீய?" என்று கேட்டுவிட்டு, கொடியிலிருந்து காலுறையை எடுத்து என் மடியில் போட்டாள்.